ஏழு சாவுக்கு இருபத்தொரு ரூபாய்

ஒரு சாவுக்கு மூன்று ரூபாய்.
பாறை உச்சியிலிருந்து விழுந்தால் ஐந்து என்றார்கள்,
கடைசியில் அதற்கும் மூன்றுதான் கொடுத்தார்கள்.
ராயக்கோட்டைக் குவாரியில்
பொழுதுக்கும் சம்மட்டி பிடித்தால் இரண்டே கால்.
ஆகவே செத்தேன்.

டைரக்டர் பரமானந்தம்
பெங்களூரில் ஒரு இத்தாலிப் படத்தைப்
பத்தொன்பது தடவை பார்த்தவர்.
பள்ளிக்கூட நோட்டில் அதைக் கட்டம் கட்டமாய் வரைந்து வைத்திருந்தார்.
சாப்பாட்டு வேளையில் சொல்வார்:
அதில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்கனே இல்லையப்பா.
ரோமாபுரிக்காரன் பேரை மாற்றிக்கொண்டு
ஸ்பெயின் பொட்டலில் நின்று
இதுதான் டெக்சாஸ் என்றான், உலகம் நம்பியது.
ராயக்கோட்டைக்கு என்ன குறைச்சல்?
அவர்களுடையது சேமியாப் படம் என்றால்
நம்முடையது களிப் படம்.
சொல்லிவிட்டுக் களியைக் கிள்ளி, கொள்ளுச்சாற்றில் தோய்த்து,
மென்று தொலைப்பார்.
விழுங்க வேண்டும் என்று
கடைசி நாள்வரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

குதிரை மூன்று.
மத்திகிரியிலிருந்து சையத் கவுஸ் ஓட்டிவந்தது.
அந்த மூன்றே பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடி
முப்பது ஆயின.
ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை.
அதற்கு மட்டும் தினமும்
அடுப்புக்கரியில் மேக்கப்.
கதாநாயகர் குதிரைமேல் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள்,
அதுவும் கவுஸ் கடிவாளத்தைப் பிடித்திருக்க.
மற்றபடி நீங்கள் பார்த்த முதுகெல்லாம் கவுஸின் முதுகு.
தொழுகை நேரத்தில்
கதாநாயகன் காணாமல் போவான்.

தோளில் தொங்கும் அந்தப் போர்வை
குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய குரும்பர் கம்பளி.
டெய்லர் எத்திராஜ் அதன் நடுவில் கத்தரி வைத்தபோது
விற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
எத்தனை துவைத்தும் ஆட்டு வாடை போகவில்லை.
வில்லன் கண்ணைச் சுருக்கி மூச்சை அடக்கியதைத்தான்
பத்திரிகையில் நடிப்பு என்று எழுதினார்கள்.

வெடிக்கு எங்கள் குவாரி மருந்துக்காரர் திருப்பதி.
இடது கையில் மூன்று விரல்.
துப்பாக்கி உருவும் குளோசப்புக்கு
அவர் வலது கையை மட்டும் கேட்டார்கள்.

அப்புறம் அந்தச் சீழ்க்கை.
சின்னப் பையன்களெல்லாம் அடித்துத் திரிந்தார்களே, அது
தருமபுரி வண்டிக் கண்டக்டர் மாதப்பனுடையது.
ஷூட்டிங் வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள்
திரும்பி ஏறவில்லை என்று
இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஊதினார்.
சத்தம் பிடிக்கும் மிஷினில் விழுந்துவிட்டது.
மியூசிக் டைரக்டர் அதன் பின்னால் நாற்பது வயலின் வைத்தார்.
கம்பெனி மாதப்பனுக்கு
பதினேழு நிமிஷம் தாமதம் என்று மெமோ வைத்தது.

நான் ஏழு தொப்பியில் ஏழு பேர்.
மூன்றாவது சாவில் என்னைச் சுடுகிறவனும் நானே.
காலையில் முகத்தில் துணி கட்டிச் சுட்டேன்,
மத்தியானம் வந்து விழுந்தேன்.
இடையில் ஒரு பீடி.

படம் பாலக்கோட்டுக்கு வர ஒன்பது மாதம் ஆனது.
மாரக்காளைக் கூட்டிக்கொண்டு போனேன்.
பேர்கள் ஓடின.
முதலாளியின் மச்சான் பேர் இரண்டு தடவை வந்தது.
கடைசி அட்டையில்:
மற்றும் பலர்.
எழுத்தை எண்ணினேன், ஏழு.
எழுத்துக்கு ஒரு சாவு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் மூன்றில் மாரக்காளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
நான்காவது, கூழாங்கல் ஓடையில்.
மல்லாந்து கிடக்கிறேன், முழங்கையில் கட்டெறும்பு.
இரண்டாந்தடவை எடுக்க பிலிம் இல்லை.
முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த பொடியன் ஒருவன்
எழுந்து நின்று கத்தினான்:
"டேய், செத்தவன் கை ஆடுதுடா!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு.
மாரக்காளும் என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள்.
எனக்கு அந்த இருட்டில்
அதே முழங்கை
அரித்தது.